ஆறாம் சதுரம்

மூச்சை அடக்கிக்கொண்டு பதினொரு மொட்டு வரை எண்ணிவிட்டாள். பிறகு முகத்தைத் திருப்பி ஏரிப் பக்கமாக விட்டாள். செடிமேல் படக் கூடாது. மூச்சிலும் சூடு இருக்கிறது.

சைமிக்கு இது மூன்றாவது கோடை. பலகையில் குப்புறப் படுத்து, பல்குச்சி நுனியால் இலைகளை ஒதுக்கி மொட்டுகளை எண்ணுவாள். வடதுருவத்தை ஒட்டிய லாப்லாந்தின் அந்தச் சரிவில் விரலுயரமே வளரும் வெள்ளைப் பூச்செடிகள். சிலவற்றைச் சுற்றிக் கூரையில்லாத கண்ணாடித்தாள் அறைகள். உள்ளே இரண்டு டிகிரி அதிகம். சூடு கூடினால் பூ எத்தனை நாள் முந்தும் என்பதுதான் ஆய்வு. ஒப்பிட, ஒவ்வோர் அறைக்கும் பக்கத்தில் ஒரு திறந்த சதுரம். அதை யாரும் தொடக் கூடாது.

கொசு கடித்தால்கூட அங்கே அடிக்கமாட்டாள்; மற்றவர்களையும் விடமாட்டாள். "ரத்தம் உரம் இல்லையா? தள்ளிப் போய் அடி."

"கொசுவுக்கும் நம்பர் போட்டிருப்பியே" என்பான் இல்மரி. அவன் ஆராய்வது பாசி. காப்பிக் குவளையோடு அவன் வந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

"ஏய், ஒரு சொட்டு சிந்தின, இங்கயே புதைச்சிடுவேன்."

"புதைச்சா நானும் உரம்தானே?"

பத்துத் திறந்த சதுரங்களில் இரண்டைப் போன வருடம் பனிமான்கள் கிளறிவிட்டன. மிச்சம் எட்டு. அதற்கும் குறைந்தால் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நிற்காது, இன்னொரு கோடை வேண்டும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். உதவித்தொகையோ இலையுதிர்காலத்தோடு முடிகிறது.

அன்று மதியம் காற்று நின்றது. பனி உருகிக் கற்களுக்கடியில் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது; ஒலி மட்டும். அறைக்குள் விரிந்திருந்த பூக்கள் சூரியன் போகும் பக்கம் மெல்ல முகம் திருப்பின. சரிவே அவற்றோடு திரும்புவதுபோல் இருந்தது. பதினான்கு வரை எண்ணினாள். பதினைந்தாவது மொட்டு வெகு தூரத்தில், ஏரிக்கு அக்கரையில் இருந்தது.

இல்மரி எழுப்பியபோது அவள் தலை ஆறாம் சதுரத்தின்மேல் கிடந்தது. கன்னத்தில் இலை விளிம்பின் பற்கள் பதிந்திருந்தன.

"எவ்வளவு நேரம்?"

"ஒன்றரை மணி இருக்கும். விடுடி, நான் எதையும் பாக்கலை."

"செடிக்குத் தெரியுமே."

"செடி போய்ப் பேராசிரியர்கிட்ட வத்தி வைக்கப்போவுதா?"

அவள் ஏட்டைத் திறந்தாள். எதுவும் எழுதாமல் மூடினாள்.

மறுநாள் வடகாற்று. ஐந்து டிகிரி. மற்றத் திறந்த சதுரங்களில் மொட்டு எதுவும் விரியவில்லை. ஆறாவதில் ஒன்று விரிந்திருந்தது. சைமி ஏட்டில் 'பூ ஒன்று' என்று எழுதினாள். அதன் கீழே, 'நேற்று இதன்மேல் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டேன். கணக்கில் சேர்க்க வேண்டாம்' என்று எழுதினாள். சதுரத்தின் மூலையில் எண் எழுதி நட்டிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, முகத்தைத் திருப்பாமல், அந்தப் பூவின்மேல் மூச்சு விட்டாள்.