காட்டு மாப்பிள்ளை பெற்ற கிடேரி

பதுளைக்குக் கிழக்கே, மலை இறங்கி வயலும் காடும் தொடங்குகிற இடத்தில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டம். ஐம்பதுகளில் அங்கே நாங்கள் ஓர் எருமை வைத்திருந்தோம். புல் காய்ந்துபோகும் மாதங்களில், பால் வற்றிய மாடுகளைக் கீழே வயல் ஊரில் தெரிந்தவர் மந்தையோடு விட்டுவருவது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களின் வழக்கம். அப்படிப் போன எங்கள் எருமை சினையாகத் திரும்பி வந்தது. அந்த ஊர்க் கடாவின் வேலை என்றுதான் நானும் வீட்டுக்காரரும் நினைத்துக்கொண்டோம்.

கிடேரிக் கன்று பிறந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அகன்ற நெற்றி, முழங்காலுக்குக் கீழே வெளுப்பு, ஆள் நெருங்கினால் ஒரு சீறல். காட்டில் திரிகிற எருமைக் கடா ஒன்று மந்தைக்குள் வந்துபோயிருக்கிறது. மாப்பிள்ளை காட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று லயமே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்காதவள் நான். அந்தக் கன்றைப் பிள்ளையாகத்தான் வளர்த்தேன். அவளுக்கு அப்பன் யாராக இருந்தால் இவர்களுக்கு என்ன? என்னைத் தவிர யாரையும் அண்டவிட மாட்டாள். என் முந்தானையைச் சப்பிக்கொண்டே நிற்பாள்.

நன்றாக வளர்ந்த பிறகு வந்த மாட்டுப் பொங்கலில் எங்களுக்குப் புத்தி கெட்டுப்போனது. மற்ற மாடுகளைப் போலவே அவளுக்கும் கொம்பில் சாயம் பூசி, மாலை போட்டு, தப்பு மேளம் அடிப்பவர்கள் முன்னால் நிறுத்தினோம். முதல் அடியிலேயே கயிற்றை அறுத்துக்கொண்டு தேயிலை நாற்றுமேடைக்குள் பாய்ந்தாள். ஒரு பாத்தி மிச்சமில்லை. மறுநாளும் அது தோட்டத்தில் நின்றால் சுட்டுவிடுவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியனுப்பினார்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கொண்டுபோயி அது அப்பன் காட்டுலயே விட்டுருவோம் புள்ள. உசுரோடயாவது இருக்கட்டும்."

நான் முன்னே நடந்தேன். அவள் பின்னால் வந்தாள். வயல் ஊரைத் தாண்டிக் காட்டோரத்தில் கயிற்றை அவிழ்த்தேன். கொஞ்ச நேரம் மேய்ந்தாள். உள்ளே எங்கேயோ ஒரு கனைப்பு கேட்டது. தலையைத் தூக்கியவள் அப்படியே நடக்க ஆரம்பித்தாள். "வாடி தங்கம்" என்று வாய்வரை வந்துவிட்டது. முந்தானையால் பொத்திக்கொண்டேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள்.

ரெண்டு மழை கழிந்து, வயல் ஊர்க்காரர் வந்து சொன்னார். காட்டு மந்தையில் கன்றோடு நிற்கிறாளாம். போய்ப் பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது. போகவில்லை. என்னைக் கண்டால் அவள் நிற்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனுஷ வாடை பட்டதும் கன்று மிரண்டு ஓடும். பெற்றவள் கன்றின் பின்னால்தானே போவாள்.