ஜோதி சீவிய செல்

மோகனூர் ஆலைக்குக் கரும்பு வெட்டிய குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் ஜோதி. "எங்கப்பன் ஒரே வீச்சுல கரும்பைச் சாய்ப்பாருங்க. நான் ஒரு தலைமுடி கனத்தை ஆயிரம் துண்டாச் சீவுவேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். பொய்யில்லை. நாமக்கல் பக்கத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. கோழிச் செல்களைப் பிசினில் இறுக்கி, வைரக்கத்தியில் சீவி, தண்ணீரில் மிதக்கும் துண்டைப் பொட்டளவு செம்பு வலையில் ஏந்துவாள். பலமாக மூச்சு விட்டாலே துண்டு ஓடிவிடும். பங்குனி வெயிலிலும் மின்விசிறி போடமாட்டாள்.

பேராசிரியர் தனபால், கோழிகளைக் கொல்லும் ஒரு வைரஸைத் துரத்திக்கொண்டிருந்தார். சாதாரண நுண்ணோக்கியில், வைரஸ் புகுந்த செல் பச்சையாக ஒளிரும். உள்ளே அது எங்கே குடியிருக்கிறது என்று தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செல்லின் மூலைமுடுக்கெல்லாம் தெரியும், பச்சை தெரியாது. ஆகவே ஒரே செல்லை இரண்டிலும் படமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்த வேண்டும். பல்லாயிரம் செல்களுக்கு நடுவே அதே செல்லைத் தப்பாமல் சீவித் தருவது ஜோதியின் பொறுப்பு.

"இது அமைஞ்சா கட்டுரையில உன் பேரும் வரும்மா" என்றார் தனபால்.

அதுவரை இருபதுக்கும் மேல் கட்டுரைகள் அவள் சீவிய துண்டுகளை வைத்தே வந்திருந்தன. ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. ஐந்து மாதம் உழைத்தாள். பிசின் கட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாகச் செதுக்குவது அவள் வழக்கம். வலை குப்புற விழுந்தால், படத்தில் அந்தச் சாய்வு பக்கம் மாறி நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வு மாணவி யுவஸ்ரீ படங்களைப் பொருத்திய அன்று, ஜோதி திரையை எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு, சாய்வு வலப்பக்கமில்ல இருக்கோணும்? வலையைக் குப்புற வெச்சுப் படமெடுத்ததுல இடம் வலமா மாறிப்போச்சு. இது நம்ம செல் இல்ல."

"அக்கா, வைரஸ் உருண்டை உருண்டையா எவ்வளவு அழகாத் தெரியுது பாருங்க!"

"பக்கத்து ஊட்டுக்காரி அழகா இருக்கறாள்னு நம்மூட்டு ரேசன் கார்டுல சேத்துக்குவீங்களா?"

யுவஸ்ரீ சிரித்தாள், படத்தை மாற்றவில்லை. ஜோதி தனபாலிடம் போனாள்.

"ஒருக்காத் திருப்பி வெச்சுப் பாருங்க சார். பத்து நிமிசந்தானுங்க."

"சீவறது உன் வேலை. பாக்கறது எங்க வேலை. கட்டுரையில பேரு வரோணுமா, வேண்டாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. தலைகுனிந்து வந்து, அடுத்த கட்டியைச் செதுக்கத் தொடங்கினாள்.

கட்டுரை வந்தது. ஆறு பெயர்கள் இருந்தன. அவள் பெயர் இல்லை. கடைசியில், "ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி.

எட்டு மாதம் கழித்து, வேறொரு ஆய்வுக்கூடத்தார் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த உருண்டைகள் செல்லுக்குள் வேறு இடத்தில் இருந்தன. மூலப் படங்களைக் கேட்டு வாங்கினார்கள். பச்சைப் படத்தில் வலப்பக்கம் இருந்த சாய்வு மற்றதில் இடப்பக்கம் கிடந்தது அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது.

தனபால் ஜோதியைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இதழுக்கு அனுப்பவேண்டிய திருத்தக் குறிப்பு. துண்டை வலையில் ஏந்தும்போது தொழில்நுட்ப உதவியாளர் ஜோதி செய்த பிழை என்று அதில் இருந்தது.

"ஏனுங்க சார், நான் அன்னைக்கே சொன்னனே?"

"எழுத்துல குடுத்தியா?"

யுவஸ்ரீ கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜோதி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில், "தப்புன்னு சொன்னேன். பேருக்கு ஆசைப்பட்டு அப்புறம் சும்மா இருந்துட்டேன். அது மட்டுந்தான் என் பிழை" என்று எழுதிக் கொடுத்தாள்.

தனபால் அதைப் படித்தார், நாலாகக் கிழித்தார். அவள் கையெழுத்து இல்லாமலே குறிப்பு போனது. அடுத்த மாதம் அச்சிலும் வந்தது. ஜோதியின் பெயர் அச்சேறியது அந்த ஒருமுறைதான். தலைப்பெழுத்துகூடப் பிசகாமல் இருந்தது.