வரம்போடு பிடித்த கயிறு

அன்று கரடியனாற்று வயல் வட்டையில் நின்றவர்கள் ஒன்பது பேர். வெட்டுக்காரர் ஏழு பேர், அவர்களைக் கூட்டிப்போன நான், வயலுக்குச் சொந்தக்காரரான போடியார். நெல் வேளாண்மை வெட்டி முடிந்திருந்தது. கூலி ஏக்கருக்கு நாற்பது ரூபாய் என்று பேச்சு. அறுபத்தாறு அடிச் சங்கிலி நீளத்துக்கு முடிச்சுப் போட்ட கயிற்றின் ஒரு முனையை நானும் மறுமுனையைப் போடியாரும் பிடித்தோம். சேற்றுக்குள் இறங்கி அளக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை, வரம்போடுதான் நடப்போம். வாய்க்கால் பக்கம் எட்டுச் சங்கிலி, சரிந்து போகும் மற்ற வரம்பு ஐந்து. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பெருக்கி, நாலு ஏக்கர் என்று சொன்னவன் நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இருந்த ஒரே பெருமை அந்தப் பெருக்கல். நூற்றறுபது ரூபாயை அங்கேயே எட்டுப் பங்கு வைத்தோம்.

ஒரு கிழமை கழிய, மகள் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். நான் செய்து கொடுத்த இணைகரக் கணக்கை ரீச்சர் சிவப்பு மையால் வெட்டியிருந்தார். அடி பத்து, சரிந்த பக்கம் ஆறு. அறுபது என்று எழுதியிருந்தேன். சரியான விடை ஐம்பதாம்.

"சரிஞ்ச பக்கம் உயரமில்லையாம் அப்பா. படத்துக்குள்ள புள்ளிக்கோடு இரிக்கு, நீங்க பாக்கல்ல."

நான் நம்பவில்லை. நாலு ஈர்க்கை மூலைகளில் நூலால் கட்டிச் சதுரக் கொப்பியின் மேல் வைத்தேன். நிமிர்ந்து நின்றபோது உள்ளே அறுபது கட்டம். கொஞ்சம் சரித்தேன், ஐம்பது. இன்னும் சரிக்க நாற்பது, முப்பது. ஈர்க்கு ஒன்றும் குட்டையாகவில்லை. கட்டங்கள்தான் பத்துப் பத்தாகக் குறைந்தன. மகள் விளங்கிவிட்டதென்று எழும்பிப் போனாள். எனக்குச் சரிந்துபோன அந்த ஐந்து சங்கிலி வரம்பு நினைவுக்கு வந்தது.

விடிய வட்டைக்குப் போய், முளை அடித்து, கயிற்றை வயலுக்குக் குறுக்கே நேராக இழுத்தேன். நாலு சங்கிலிதான். மூன்றே கால் ஏக்கர்கூட இல்லை. முப்பத்திரண்டு ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறோம். செலவழித்த காசை ஏழு பேரிடம் எப்படித் திருப்பிக் கேட்பது? போடியார் தானாகக் கண்டுபிடித்தால் கள்ளன் என்பார், அடுத்த போகம் என்னைக் கூப்பிடமாட்டார். இதையே யோசித்து இரண்டு நாள் போனது.

என் பங்கில் மிச்சமிருந்த பன்னிரண்டு ரூபாயோடு போய், ஈர்க்குச் சட்டத்தைச் சரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். போடியார் அதை வாங்கி, தானும் இரண்டு தரம் சரித்துப் பார்த்தார். பிறகு காசை என் பக்கம் தள்ளினார்.

"பக்கத்துல நான் குத்தகைக்குக் குடுத்த காணியெல்லாம் இப்பிடித்தான் சரிஞ்சு கிடக்கு மனே. அதுகளுக்கு வரம்பளவிலதான் குத்தகை வாங்குறன். இதை நான் வாங்கினா, எத்தினை பேருக்குத் திருப்பிக் குடுக்கிற? காசையும் கொண்டு போ, இந்த ஈர்க்கையும் கொண்டு போ."

அடுத்த போகமும் என்னைத்தான் கூப்பிட்டார். வரம்போடுதான் அளந்தோம். நாலு ஏக்கர் என்று அவரே சொல்வார், நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் போகத்தோடு சேர்த்து ஆறு போகம் அப்படி வெட்டினோம். முப்பத்திரண்டு, அறுபத்துநாலு, தொண்ணூற்றாறு என்று மனம் தானாகக் கூட்டிக்கொண்டு போகும். அவர் வாங்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. கணக்கில் நிற்பது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.