கட்டில் தலைமாட்டுத் தகடு

உள்ளங்கை அகலத் தகரத் தகடு அது. மேலே ஆணித் துளை ஒன்று. கீழே ஆங்கில எழுத்துகளில் எங்கள் குடும்பப் பெயர், 'வெல்டர்ஹோஃப்'. பெரிய யுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, அக்காளுக்கு வரன் கூடி வந்த வேளையில் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

பாளையங்கோட்டைச் சபையில் அப்படியொரு பெயர் எங்களுக்கு மட்டுமே. "ஒல்லாந்து தேசத்துப் பேரு வே! எங்க முப்பாட்டன் தூத்துக்குடிக்குக் கப்பல் ஓட்டினவன்" என்பார் அப்பா. எங்கள் கருத்த முகங்களைப் பார்த்துக் கேட்டவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் சிரிக்கவில்லை. கருப்பட்டிக் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. சட்டைக்கார ரத்தம்னா எங்க சனம் ஒத்துக்கிடாது" என்றார். வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்தவர்களை அன்று அப்படித்தான் சொல்வார்கள். அந்த வரனை மனதார விரும்பியிருந்த அக்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அப்பா, தாத்தா வளர்ந்த மிஷன் விடுதிக்குப் போனார். அங்கிருந்த வயோதிக ஐயர், எங்கள் சபைக் குரு, வழக்கத்தை விளக்கினார். கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் ஒரு பிள்ளையின் சோற்றுக்கும் துணிக்கும் பொறுப்பேற்றால், ஞானஸ்நானத்தில் அவர் பெயரையே அப்பிள்ளைக்கு இடுவார்களாம். கட்டிலின் தலைமாட்டிலும் அதை அறைவார்களாம். தாத்தாவைத் தாங்கியவர் ஜெர்மனியில் ஒரு ரொட்டிக் கடைக்காரர். பழைய சாமான்களுக்குள் கிடந்த தகட்டையும் ஐயர் தேடிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வீட்டாரை மறுபடி வரவழைத்து, அப்பா ரொட்டிக் கடைக்காரர் கதையைச் சொல்லித் தகட்டை வேட்டி முனையால் துடைத்து நீட்டினார். "ரத்தமும் இல்ல, கப்பலும் இல்ல. பேரு மட்டுந்தான்!"

"கப்பலைக் கொண்டுபோயி ரொட்டிக் கடையில கரையேத்திட்டியளே அண்ணாச்சி!" வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பையக் கேட்டார்: "அப்போ, இந்தப் பேரு வைக்கதுக்கு முந்தி உங்க அய்யா எந்தத் தெரு?"

தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பது. கோயிலில் எங்களோடு ஒரே பாத்திரத்தில் இராப்போஜனத் திராட்சரசம் அருந்தியவர்தாம் கேட்டார். அப்பாவுக்கு விடை தெரியும் என்பதை அவர் முகம் எனக்குச் சொல்லிவிட்டது. சொன்னாலும் வரன் போகும், சொல்லாவிட்டாலும் போகும். அவர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறியது. வந்தவர்கள் எழுந்தார்கள்.

அக்கா தம்ளர்களை எடுக்க வந்தாள். "ஒல்லாந்துன்னே இருந்திருக்கலாமேப்பா" என்றாள். அதன்பின் வேறு எந்த வரனுக்கும் அவள் சம்மதிக்கவில்லை.

பிறகு வெள்ளைக்காரச் சர்க்காருக்கு ஜெர்மனியோடு யுத்தம் மூண்டது. அப்பா தகட்டை நெற்குதிருக்குள் புதைத்தார். கேட்டவர்களிடம் தாழ்ந்த குரலில் மறுபடியும் ஒல்லாந்து என்றார். கப்பலைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஆண்டவருக்குப் பெயர் சூட்டிச் சூட்டி அலுக்காத பழைய பாடல்களைப் பாடியே என் ஆயுள் கழிந்தது. எந்தப் பெயரால் அழைத்தாலும், நீர் எந்தத் தெரு என்று அவரை ஒருவரும் கேட்பதில்லை. தகடு இப்போது என் வேதப்புத்தகத்தின் அருகில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எந்தத் தேசத்துப் பெயர் என்கிறார்கள். ஜெர்மனி என்கிறேன். அடுத்த கேள்வி வருமுன் அதைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.