வாணவேடிக்கைக்கு நடுவே என் பாட்டு

கச்சேரியில் அறிவிப்பாளர் வேலை என்பது, மற்றவர்கள் செய்யும் தவறுக்கெல்லாம் மைக்கில் மன்னிப்புக் கேட்கும் வேலை. என்னைப் போல மைக் பிடித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அப்பாவின் நிபந்தனை

இரண்டாயிரத்து நாலைந்து வாக்கில், பி.காம். முடித்த கையோடு சாத்தூர்ப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அச்சங்குளம் கோயில் பொங்கல் விழாக் கச்சேரியில் எனக்கும் ஒரு பாட்டு உண்டு என்றதும், அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "வந்து கேக்குறேன். நல்லா இருந்தா ஒன் இஷ்டம். இல்லேன்னா எங்க கம்பெனி ஆபீஸ்ல சேந்துரு."

சீட்டின் முன்பக்கம்

விருப்பப் பாடல் சீட்டுகளை அங்கே யாரும் வெள்ளைத்தாளில் எழுத மாட்டார்கள். அச்சில் வீணான பட்டாசு லேபிள் எல்லா வீட்டிலும் கிடக்கும். அதன் முதுகில் எழுதி அனுப்புவார்கள். அன்றைக்கு வந்த முதல் சீட்டை, பதற்றத்தில், புரட்டாமலே வாசித்துவிட்டேன். "அடுத்து நேயர் விரும்பிக் கேட்பது, கையில் பிடித்து வெடிக்காதீர்கள்!"

பெண்கள் பக்கமிருந்து ஓர் அக்கா குரல் கொடுத்தார்: "அந்த லேபிள ஒட்டுறதே நாங்கதாம்ப்பா, பாட்டச் சொல்லு!"

பாடகி வரும் பஸ்

பாடகி காரியாபட்டியிலிருந்து வர வேண்டும். எட்டரை வரை ஆளைக் காணோம். டூயட்டில் பெண் குரல் வரும் இடங்களைப் புல்லாங்குழலில் ஊதிச் சமாளித்தோம். "இதோ வந்துகொண்டே இருக்கிறார்" என்று ஆறு தடவை அறிவித்தேன். விழாக் கமிட்டிக்காரர் மேடையோரம் வந்து பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, வந்துக்கிட்டே இருக்காகன்னு சொல்லாதீக. வந்தப்புறம் சொல்லுங்க."

முதுகுகள்

ஒருவழியாகப் பாடகி வந்து சேர்ந்து, என் முறையும் வந்தது. அப்பாவும் அம்மாவும் நாலாவது வரிசையில். பல்லவி பிசகாமல் வந்தது. சரணம் எடுக்கும்போது நாலு தூறல் விழுந்தது. வேறு ஊராக இருந்தால் வாத்தியங்களை மூடியிருப்பார்கள். இங்கே வெடி நனைந்துவிடுமே என்ற பயம். கச்சேரி முடிந்தபின் விட வேண்டிய வாணவேடிக்கையை அப்போதே பற்ற வைத்துவிட்டார்கள்.

கூட்டம் மொத்தமும் எழுந்து மைதானத்தைப் பார்த்துத் திரும்பியது. எது எந்தக் கம்பெனி வெடி என்று ஒரே வாக்குவாதம். அதில் அப்பா குரலும் இருந்தது. நிறுத்தத் தெரியாமல் முதுகுகளைப் பார்த்தே பாடி முடித்தேன். இப்போது நினைத்தால் அந்த முதுகுகள் மேல்கூடப் பிரியம் வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது. டிரம்ஸ் அண்ணன் குனிந்து சொன்னார்: "நல்லாத்தாம்லே பாடுன. ஆனா அதுக்கு நான் ஒருத்தன்தான் சாட்சி."

தீர்ப்பு

கீழே இறங்கிப் போனேன். அப்பா முகம் பளிச்சென்று இருந்தது. "பச்சையா ஒண்ணு குடை மாதிரி விரிஞ்சுச்சே, பாத்தியா? நாங்க செஞ்சது!"

பாட்டு எப்படி என்று கேட்டேன். உண்மையாகவே யோசித்தார். பொய் சொல்ல வராத மனுஷன். "காதுல விழவே இல்லலே. கேக்காம எப்படிச் சொல்ல? அடுத்த பொங்கலுக்குப் பாடு, கேட்டுட்டுச் சொல்லுறேன்."

பி.காம். பட்டத்தைக் காட்டிக் கெஞ்சியும் கிடைக்காத ஒரு வருஷ அவகாசத்தை, யார் காதிலும் விழாத ஒரு பாட்டு எனக்கு வாங்கிக் கொடுத்தது.