மடத்து வாசலில் பன்னிரண்டு முழம்

சென்ற ஆண்டு என் வீட்டுக்காரி ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அங்கே வராந்தாவில் நின்று சிவனிடம் பேரம் பேசினேன். இவள் எழுந்துவிட்டால், பாபநாசத்தில் குளித்து, ஆற்றங்கரையோடு அன்னதான மடம் வரை இரண்டு பேரும் நடந்தே போய், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்றேன். சாப்பாட்டையும் வேண்டுதலில் சேர்த்தது என் சாமர்த்தியம். அவள் எழுந்துவிட்டாள். இனி நாங்கள் நடக்க வேண்டியதுதான்.

தை மாதத்தில் ஒரு நாள் கிளம்பினோம். என் மச்சினனும் ஒட்டிக்கொண்டான். ஐம்பது வயது. பக்தி உண்டு, பந்தி போடும் இடங்களில் கொஞ்சம் கூடுதலாக உண்டு.

நோயில் உடுத்திய துணியை ஆற்றில் விட்டால் பீடை போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பீடை கீழே குளிக்கிறவர்களிடம் போகுமே என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உடுத்திய சேலையை ஒரு மஞ்சப்பையில் கொண்டுவந்திருந்தாள். நான் கட்டியிருந்தது சாரம்; லுங்கி கட்டிய ஆண்களை மடத்துக்குள் விடமாட்டார்கள் என்பதால், அங்கே மாற்றிக்கொள்ள என் வேட்டி இன்னொரு மஞ்சப்பையில் இருந்தது. இரண்டும் ஒரே கல்யாண வீட்டில் கொடுத்தவை. பாபநாசத்தில் குளித்து முடித்ததும், சேலையை ஆற்றில் விடும் வேலையை மச்சினனிடம் கொடுத்தேன்.

வாழைத் தோட்டங்களைத் தாண்டி, வயல் வரப்பில் இறங்கி நடந்தோம். மடைக்கு மடை அவள் உட்கார்ந்தாள். மடத்தில் உச்சிப் பூசை முடிந்ததும் ஒரே பந்திதான். இலை போட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் வெயிலையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மடத்து வாசலில் பையைத் திறந்தால் உள்ளே சேலை.

"ஏலே, எதை ஆத்துல விட்டே?"

"நீங்க குடுத்த மஞ்சப்பையத்தான் அத்தான்."

"அது என் வேட்டிலே."

"அப்பம் ஒங்க பீடை போயிருக்கும்."

"ஒன் வேட்டியக் குடு. நீ என் சாரத்தக் கட்டிக்கிட்டு இங்கன நில்லு."

உள்ளேயிருந்து வந்த சாம்பார் மணத்தை அவன் ஒருமுறை ஆழமாக இழுத்தான். "அத்தான், உசுரக் கேட்டாலும் தருவேன். இன்னைக்கு வேட்டி மட்டும் கேக்காதீய."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். "நான் மட்டும் உக்காந்தா வேண்டுதல் சேராதா?"

"பாதிதான் சேரும். மிச்சத்துக்கு மறுபடியும் பாபநாசத்துல இருந்து நடக்கணும்."

அவள் தன் கால்களைப் பார்த்தாள். நன்றாக வீங்கியிருந்தன. பிறகு சேலையை எடுத்து இரண்டாக மடித்தாள். சந்தன நிறம், மெல்லிய பச்சைக்கரை.

"இதக் கட்டுங்க."

"ஏட்டி, அது பீடைச் சேல."

"இத உடுத்திக்கிட்டுதான் நான் பொழச்சேன்."

வேப்பமரத்தின் மறைவில் அவளே சுற்றிவிட்டாள். வாசலில் நின்ற காவல்காரர் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"எட்டு முழமா அண்ணாச்சி?"

"பன்னிரண்டு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார். நாங்கள் நுழைந்ததும் கதவைச் சாத்தினார்கள்.

எதிர் வரிசையில் அவள் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கஞ்சியைக்கூடத் தள்ளிவிட்டவள், ரசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். எனக்குக் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. வலது கையில் சோறு. இடது கை இடுப்பில் நழுவும் சேலையைப் பிடித்திருந்தது. எழும்போது அவிழாமல் இருந்தால் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று சிவனிடம் புதிதாக ஒன்றை வேண்டிக்கொண்டேன்.