நேசபாய் ஒட்டிய பக்கங்கள்

நேசபாயிடம் இரண்டு கத்தரிக்கோல்கள் இருந்தன. ஒன்று காயத்துணி வெட்ட, மற்றது காகிதம் வெட்ட. முதலாவதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கொதிக்கவைத்துத் திரும்ப வைத்தால் போதும். இரண்டாவதைத் தொட்டவர்கள் திட்டு வாங்காமல் போனதில்லை.

அவள் புதுக்கடைக்குப் பக்கத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தாள். ஒரு கல்யாணம் பேசி முறிந்தது. இன்னொன்று பேச அவளும் சொல்லவில்லை, வீட்டாரும் வற்புறுத்தவில்லை. 1951இல் அவளுக்கு முப்பத்தாறு வயது. நாகர்கோவிலுக்கு வடக்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு அவள் பொறுப்பு. பதினாறு கட்டில்கள்.

ஆஸ்பத்திரிக்குச் சீமையிலிருந்து பெட்டிகள் வரும். உள்ளே பழைய துணிச் சுருள்கள், சோப்பு, போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள். ஒவ்வொன்றையும் ரோஜாப்பூவோ, நீலக்கோடோ, கட்டமோ அச்சடித்த தாளில் சுற்றியிருப்பார்கள். அந்தத் தாளை நேசபாய் எறிய விடமாட்டாள். ஈரக்கையால் நீவி, மருந்துப் பதிவேட்டுக்கு அடியில் வைத்து அழுத்தி எடுப்பாள். மைதாவைக் கஞ்சிபோலக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி துருசு போட்டுப் பசை செய்வாள். விசேஷ நாட்களில் வார்டில் எடுத்த போட்டோக்களை அந்தத் தாள்களோடு சேர்த்து ஒட்டிச் சுவரில் மாட்டுவாள்.

எடுத்தவுடன் ஒட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. படங்களை மேசையில் பரப்பி இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்ப்பாள். பிறகு அப்படியே விட்டுவிட்டுக் காய்ச்சல் பார்க்கப் போவாள். பதினாறு பேருக்கும் தெர்மாமீட்டர் வைத்துவிட்டு வந்து பார்க்கும்போது எது கண்ணை உறுத்துகிறதோ அதை எடுத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் பசை.

மூன்றாம் கட்டிலில் இருந்தவள் முத்துக்கனி. இரணியல் பக்கத்துக்காரி, இருபத்துமூன்று வயது. அவள் வந்து சேர்ந்தபோது மகள் பூங்கனிக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. புருஷன் நாராயணபெருமாள் பதினைந்து நாளைக்கொரு தடவை வந்து பார்ப்பான். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆஸ்பத்திரி வாசலுக்கு இப்பால் விடக்கூடாது என்பது சட்டம். குழந்தையை அவனுடைய அக்கா பகவதி வளர்த்தாள்.

1952 தை மாதம் ஒரு நாள் அவன் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "பிள்ள இப்பம் அக்காளத்தான் அம்மைண்ணு விளிக்கா."

முத்துக்கனி இரண்டு நாள் சாப்பிடவில்லை. சனிக்கிழமை எடை பார்த்தபோது ஒன்றரை ராத்தல் குறைந்திருந்தது. நேசபாய்க்கு அந்த ஒன்றரை ராத்தல்தான் கவலை. அழுகிறவளை அழ விடலாம், சாப்பிடாதவளை விடமுடியாது.

"பிள்ளைக்கு உனக்க மொகம் தெரியணும், அவ்வளவுதானே? அதுக்கு நான் வழி பண்ணித் தாறேன். நீ கஞ்சியக் குடி."

நாகர்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருந்த யூஜின் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது முத்துக்கனியை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அதைப் பெரிதாகப் போட்டு வாங்கினாள். எக்ஸ்ரே பிலிமைச் சுற்றி வரும் கறுப்புத் தாளை அட்டையில் ஒட்டி, நடுவில் படத்தை வைத்து, நான்கு பக்கமும் ரோஜாப்பூத் தாளை விரல் அகலத்துக்கு வெட்டிக் கரை கட்டினாள். கறுப்பின்மேல் முத்துக்கனியின் முகம் நன்றாக எடுப்பாக இருந்தது. ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, பொதிந்து, நாராயணபெருமாளிடம் கொடுத்தாள்.

அவன் அதை அக்காளிடம் கொடுத்தான். கும்பப்பூ நெல்லறுப்புக்குப் பூதப்பாண்டிப் பக்கம் போகிற ஆட்கள் தெருவில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆஸ்பத்திரியில தந்தாவ" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று நாள் களத்திலேயே தங்கல்.

பகவதி பொதியைப் பிரித்தாள். கறுப்பு. நடுவில் தம்பி பெண்டாட்டி, ஒற்றைக்கு. சுற்றிலும் பூ.

மூன்றாம் நாள் நாராயணபெருமாள் வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஓலைப்பந்தல் போட்டிருந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வீட்டுத் தாணுமாலயன் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார்.

"வாயால சொல்ல முடியாமத்தானே படத்த தந்துட்டுப் போன? ஆஸ்பத்திரியிலேயே அடக்கிட்டாவளா மக்கா?"

உள்ளே சுவரில் படம். பிச்சிப்பூ மாலை, முன்னால் விளக்கு. அவர் சொன்னது இவன் காதில் ஏறவில்லை, யாரிடமும் ஒன்றும் கேட்கவும் இல்லை. தான் களத்தில் இருந்த மூன்று நாளில் செய்தி வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டான். அரிவாளைப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

நேசபாய் அப்போது மத்தியானச் சாப்பாடு கொடுத்து முடித்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தலையெல்லாம் வைக்கோலாக ஒருவன் நிற்பதைப் பார்த்தாள்.

"ஓய், இது பாக்குத நேரமில்ல."

"சிஸ்டர்... எப்பம் போச்சு?"

"என்னது போச்சு?"

"அவளுக்க உயிரு."

நேசபாய் வெளியே வந்து அவனை ஜன்னலோரமாக இழுத்து நிறுத்தினாள். "அந்தா பாரும். உமக்க பெண்டாட்டிக்க உயிரு முட்டைத் தோடு உரிச்சிட்டு இரிக்கு."

அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்து விஷயத்தைக் கேட்டு வாங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. முத்துக்கனியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

"எதிர்வீட்டு மைனி வந்தாளா?"

"வந்தா. மாரடிச்சு அழுதா."

"அழட்டு. எனக்க உருளிய வேண்டீட்டுப் போயி வருசம் ஒண்ணாச்சு, இன்னும் தரல்ல." சட்டென்று சிரிப்பு நின்றது. "பிள்ளைட்ட என்ன சொன்னிய?"

நாராயணபெருமாள் தலையிலிருந்த வைக்கோலை எடுத்துக் கீழே போட்டான்.

"சொல்லுங்க."

"அம்மை சாமிகிட்ட போயிட்டாண்ணு அக்கா சொல்லியிருக்கா."

முத்துக்கனி உரித்த முட்டையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

நேசபாய் நின்றபடியே யோசித்தாள். இந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆளை மட்டும் கறுப்பில் வைத்து, சுற்றிப் பூக்கட்டி மாட்டுவார்கள்? இந்து வீடானாலும் வேதக்கார வீடானாலும் செத்தவர்களைத்தான். புதுக்கடையில் அவளுடைய அப்பாவே அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தார். அழகாக இருக்கிறதா என்று பார்த்தாளே தவிர, பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நினைக்கவில்லை.

"தப்பு என்மேல" என்றாள். "இனி நான்தான் அதச் செரியாக்கணும். நீ அந்த முட்டையத் தின்னு."

முத்துக்கனி தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை யூஜினை வரவழைத்தாள். அவனுக்கு வார்டுக்குள் வரப் பயம். "மரத்தடியில நில்லு. நோயாளிய நான் வராந்தாவுக்குக் கொண்டுவாறேன். இந்தத் தடவ யாரும் நாற்காலியில வெறைச்சு இருக்கண்டாம்" என்றாள். முத்துக்கனி தராசில் நிற்பது, தலை சீவுவது, பால் குடிப்பது என்று எடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி என்னவோ சொல்ல, முத்துக்கனி வாயைப் பொத்திச் சிரித்தாள், படத்தில் கை கலங்கலாக விழுந்தது. யூஜின் அதை எறியப் பார்த்தான். நேசபாய் பிடுங்கி வைத்துக்கொண்டாள். செத்தவர்கள் படத்தில் யாருக்கும் கை கலங்கி அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் யூஜினையும் கூட்டிக்கொண்டு இரணியலுக்குப் போனாள். வீட்டு முற்றத்தில் பந்தலைப் பிரித்திருந்தார்கள். படத்தை எடுத்துவிட்டார்கள், ஆணி மட்டும் இருந்தது. பூங்கனி அந்த ஆணியைக் காட்டி, "அம்மை சாமி" என்றாள்.

பகவதிக்கு வெட்கமும் கோபமும். "சிஸ்டரம்மா, ஊரே என்னப் பாத்து சிரிக்கி. ஆளு சாவுகதுக்கு முன்ன மால போட்டவள்ணு."

"படத்த அப்பிடிச் செஞ்சவ நான். சிரிக்கவன எனக்கிட்ட அனுப்பும். இப்பம் பிள்ளைய இடுப்புல வச்சிட்டு வெளிய வாரும். உங்க ரெண்டு பேரையும் படம் எடுக்கணும். அவளுக்க படத்தோட சேத்து ஒரே பக்கத்துல ஒட்டப் போறேன்."

பகவதி இரண்டடி பின்னால் போனாள். "அது மட்டும் வேண்டாம். பிள்ளைக்க படத்த அவகூட ஒட்டப்படாது."

"என்னத்துக்கு?"

"நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுண்ணா? செத்தவகூட எனக்க பிள்ள ஒரே தாள்ல இரிக்கவா? அவ பிழைப்பாண்ணு நீங்க சத்தியம் பண்ணுங்க, ஒட்டலாம்."

நேசபாய் சத்தியம் பண்ணவில்லை. வலது பக்கத்து நுரையீரலில் இன்னும் ஓட்டை இருந்தது. டாக்டரே வாக்குக் கொடுக்காத இடத்தில் அவள் எப்படிக் கொடுப்பாள்? பிறகு பையிலிருந்து பூத்தாள் துண்டு ஒன்றை எடுத்து, மடித்து, சின்ன முக்கோண உறைபோலச் செய்து பகவதியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது மாதிரி நாலு மூலைக்கும் நாலு. உறையத்தான் ஒட்டுவேன், படத்த ஒட்டமாட்டேன். பிள்ளைக்க படம் இதுல சொருகி நிக்கும். வேண்டாத நாள் வந்தா நீரு உருவி எடுத்திரும். ஒரு நிமிசம் ஆகாது."

பகவதி அந்த உறையில் விரல் நுனியை விட்டுப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

புதுப் பக்கத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்று பெட்டி அட்டையின் மண்நிறத்தையே விட்டாள். முழுக் கரை கட்டவில்லை, இடது ஓரத்தில் மட்டும் நீலக்கோட்டுத் தாள். சிரிக்கிற படம் பெரிதாக இடது மேலே, பச்சை இலைத் தாளின்மேல் கொஞ்சம் சாய்வாக. தராசுப் படமும் பால் படமும் ஒன்றையொன்று தொட்டபடி அதற்குக் கீழே. வலது கீழே, பகவதியின் இடுப்பில் பூங்கனி. மேலே உள்ளவளின் பார்வை கீழே உள்ள பிள்ளைமேல் விழும்படி நகர்த்தி நகர்த்தி வைத்தாள். காய்ச்சல் பார்த்துவிட்டு வந்து, பால் படத்தை ஓர் அங்குலம் தள்ளினாள். பிறகு ஒட்டினாள்.

முத்துக்கனியிடம் தொடவிடாமல் தூக்கிக் காட்டினாள். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"மத்தப் படம் எல்லாம் ஒட்டியிரிக்கு. பிள்ளைக்க படம் மட்டும் சொருகியிரிக்கு."

"ஆமா."

"எடுக்கதுக்கு லேசா இரிக்கணும்ணா?"

"ஆமா."

"அப்பம் எடுக்க விடப்படாது" என்றாள் முத்துக்கனி. அன்று மத்தியானம் முட்டை இரண்டு கேட்டு வாங்கினாள்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு பக்கம் போயிற்று. வார்டில் சின்னப் பிள்ளைகளை விட்டுவந்த மற்ற ஐந்து தாய்மாரும் கேட்டார்கள். அவர்களுக்கும் செய்தாள். ஓய்வு நேரமெல்லாம் அதிலேயே போயிற்று. அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

சித்திரையில் நாராயணபெருமாள் அக்காள் சொல்லியனுப்பியதைச் சொன்னான். "பிள்ள குளிக்க மாட்டேங்கா. அம்மை வெரட்டுத மாதிரி ஒண்ணு வேணுமாம்." முத்துக்கனி விரலை ஆட்டி முறைத்தாள், யூஜின் எடுத்தான். சிவப்புக் கட்டத்தாள் வைத்துப் போனது அந்தப் பக்கம். பிள்ளை குளித்தாளாம்.

ஆடியில் முத்துக்கனி ரத்தம் துப்பினாள். இருபது நாள் எழுந்திருக்க விடவில்லை. நாராயணபெருமாள் வாசலில் நின்று கேட்டான். "அக்கா கேக்கச் சொன்னா. அந்தப் படத்த எடுத்திரட்டா?"

"நான் எடுண்ணும் சொல்லமாட்டேன், வையிண்ணும் சொல்லமாட்டேன்" என்றாள் நேசபாய். பழைய படங்களில் மிச்சமிருந்ததை வைத்து அந்த மாதமும் இரண்டு பக்கம் செய்து கொடுத்தாள். ஊசி மருந்து இரண்டாம் தடவை ஆரம்பித்தார்கள். ஆவணிக் கடைசியில் காய்ச்சல் விட்டது. பகவதி படத்தை எடுக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. எடுக்கப் போனபோது பிள்ளை அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டதாம்.

1953 மாசியில் மூன்று தடவை சளி சோதித்தும் கிருமி இல்லை என்று வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார். படுக்க எந்த இடம், காற்று வருமா, பாத்திரம் தனியாக உண்டா என்று பார்க்க நேசபாயும் பஸ்ஸில் கூடப் போனாள். வழி முழுக்க முத்துக்கனி ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"தெரியுமா சிஸ்டர், அவளுக்கு?"

"போய்ப் பாக்கலாம். நீ ஓடிப்போயித் தூக்கப்படாது. நில்லு. அவளா வரட்டு."

வீட்டு நடையில் பகவதியின் சேலையைப் பிடித்தபடி பூங்கனி நின்றாள். முத்துக்கனி பத்தடி தள்ளி நின்றாள். கைகளைச் சேலைக்குள் முறுக்கி வைத்துக்கொண்டாள். பிள்ளை தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது, மறுபக்கம் சாய்த்துப் பார்த்தது. முத்துக்கனிக்குப் பொறுக்கமுடியவில்லை, அந்தப் படத்தில் இருந்ததுபோலவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தே" என்று பூங்கனி கத்தினாள். "அம்மை அனங்குது!"

பகவதி அவள் பிடியிலிருந்து சேலையை விடுவித்தாள். "அனங்கும் மக்கா. அசையும், நடக்கும். போயித் தொட்டுப் பாரு."

பூங்கனி போனாள். முதலில் முழங்கையை ஒரு விரலால் தொட்டாள். பிறகு முழுக்கையும் வைத்தாள். நேசபாய் அவர்களைத் தாண்டி உள்ளே போய், படுக்கப் போகிற அறையின் ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.